கோபத்துக்கு அஞ்சிய மருத்துவ மேதை

கோபம் வந்தால் நெஞ்சு படபடக்கும். இது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால், தம் உயிருக்குக் கோபமே எமனாகும் என்று முன்பே அறிந்திருந்தார் ஒரு மருத்துவர். அவர் பெயர் ஜான் ஹன்டர்.

1728-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில், பத்துக் குழந்தைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார் ஹன்டர். பள்ளிப் பாடங்களில் அவருக்கு நாட்டமில்லை. எறும்பு, தேனீ, தலைப்பிரட்டை ஆகியவற்றைக் கவனிப்பார். பெரியவர்களைக் கேள்வி கேட்டே துளைத்தெடுப்பார்.

20-ஆவது வயதில் லண்டன் சென்றார். அங்கே அவருடைய அண்ணன் வில்லியம் உடற்கூறு பயிற்றுவித்து வந்தார். அவருக்கு உதவியாளராகச் சேர்ந்த தம்பி, பின்னாளில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆனார். யூகித்தால் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர் மாணவர்களுக்குக் கற்றுத்தந்த பாடம். பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்ட எட்வர்ட் ஜென்னர் அவருடைய மாணவரே!

1773-இல் ஒருநாள் ஹன்டருக்குத் திடீரென்று வலி கண்டது. கண்ணாடியில் பார்த்தார், முகம் வெளிறிப் போயிருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தார். நாடித் துடிப்பு தட்டுப்படவில்லை. விரைந்து வந்த மருத்துவர்களாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்தே நாடி திரும்பியது. அந்த நிலையிலும் தம் உடலில் நடப்பதை அவர் கூர்ந்து கவனித்தார்.

பின்னர் நெஞ்சுவலி அடிக்கடி வந்தது. கோபப்படும்போதெல்லாம் வலி வருவதை அவர் கண்டுகொண்டார். ஆனால், முன்கோபத்தை மட்டும் அவரால் அடக்க முடியவில்லை. இதய ரத்தக் குழாய்களில்தான் கோளாறு என்று ஜென்னர் யூகித்தார். ஆசிரியர் மனம் கலங்குவாரே என்று அதை வெளியிடாமல் இருந்துவிட்டார்.

1793 அக்டோபர் 16. செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் கூட்டம். இரண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி வாதாட ஹன்டர் புறப்பட்டார். அங்கே சச்சரவு வந்தால் தம் உயிருக்கே ஆபத்து என்று நண்பரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். கூட்டத்தில் ஒருவர் மறுத்துப் பேச, கோபம் பொங்கியது. அதை அடக்கிக்கொண்டு அடுத்த அறைக்குச் சென்றவர், அங்கேயே சாய்ந்து உயிர்விட்டார். அப்போது அவருக்கு வயது 65. உடலைச் சோதித்தபோது, ஜென்னர் யூகித்தது சரியென்று தெரிந்தது.

நம் இதயம் சிறு மின்தூண்டலால் தாளம் தவறாமல் துடிக்கிறது. கோபம் வந்தால் அட்ரினலின் என்ற சுரப்புநீர் ரத்தத்தில் கலந்து, துடிப்பை விரைவாக்குகிறது. நலமான இதயம் சற்று நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ரத்தக் குழாய் அடைபட்ட இதயத்திலோ தாளம் தவறிப்போகலாம். ஹன்டருக்கும் அப்படி நேர்ந்திருக்கக்கூடும்.

அவர் சேகரித்த உயிரினப் பொருட்கள் லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

மாணவச் செல்வங்களே! ஹன்டரைப் போலக் கேள்வி கேளுங்கள், சோதித்துப் பாருங்கள். கோபம் வரும்போது மட்டும், அவரை நினைத்துச் சற்றே பொறுங்கள்!