ஓநாய்க்காக வழக்காடிய ஓவியர்

கொல்லச் சென்ற உயிருக்கு வழக்கறிஞராய்த் திரும்பியோர் உலகில் மிகச் சிலரே. அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஓவியரும் இயற்கை நூலறிஞருமாகிய ஏர்ணெஸ்ற் தொம்சன் சீற்றன்.

1860 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சவுத் சீல்ட்ஸ் என்னும் ஊரிற் பிறந்த இவர், ஆறாவது வயதிற் பெற்றோருடன் கனடா சென்றார். ஒன்ராறியோ மாகாணத்துக் காடுகளே அவருக்கு முதற் பள்ளியாயின. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஓவியம் பயின்றபின், மனிற்றோபாப் புல்வெளிகளிற் பறவைகளையும் விலங்குகளையும் நேரிற் கண்டு குறிப்பெழுதினார். அவர் தீட்டிய உறங்கும் ஓநாயின் படம் 1891 இற் பாரிஸ் மாநகரின் பெருங் கலைக்காட்சியில் இடம்பெற்றது. விலங்குகளின் எலும்பையும் தசையையும் ஓவியர்க்கு விளக்கும் நூலொன்றை 1896 இல் வெளியிட்டார்.

அவர்தம் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி நியூ மெக்சிக்கோவில் நடந்தது. அங்கே கால்நடைகளைக் கொன்றுவந்த லோபோ என்னும் ஓநாய்த் தலைவனின் தலைக்கு ஆயிரம் டொலர் விலை வைக்கப்பட்டிருந்தது. 1893 இல் அதனை ஒழிக்கச் சென்ற சீற்றன் நஞ்சிட்ட இறைச்சியை இட்டார், லோபோ உண்ணவில்லை. இரும்புப் பொறிகளைப் புதைத்தார். அது அவற்றைத் தோண்டி வெளிப்படுத்தியது. ஈற்றில் அதன் துணையான பிளாங்கா பிடிபட்டுக் கொல்லப்பட்டது. துணையைத் தேடி வந்த லோபோ, 1894 சனவரி இறுதியிற் பொறிகளிற் சிக்கியது. அறிவால் வெல்லப்படாதது அன்பால் வெல்லப்பட்டது. உயிருடன் கட்டிக் கொணரப்பட்ட அது மறுநாட் காலையில் இறந்துகிடந்தது.

அக்கதையை முதலாவதாகக் கொண்ட அவரது நூல் 1898 இல் வெளியாகிப் பெரும்புகழ் பெற்றது. விலங்குகளும் எம்மைப்போல் விருப்பும் துன்பமும் உடையன. ஆதலின் அவற்றிற்கும் உரிமைகள் உண்டு என்பதே அந்நூலின் உட்பொருள்.

எதிர்ப்பும் எழுந்தது. விலங்குக்கு மனிதவுணர்வை ஏற்றிக் கதை புனைகின்றார் என 1903 இல் ஜோன் பறோஸ் என்னும் மூத்த இயற்கை எழுத்தாளர் கடிந்தார். அக்கண்டனம் முற்றும் பிழையன்று என்றே நாமும் கருதுகின்றோம். ஆயினும், சீற்றன் உழைப்பால் விடையிறுத்தார். வட அமெரிக்க விலங்குகளைப் பற்றி 1909 இல் இரு தொகுதிகளையும், 1925 முதல் 1928 வரை நான்கு தொகுதிகளையும் வெளியிட்டார். பிந்திய நூலுக்குக் கிடைத்த பரிசுகளுள் ஒன்று பறோஸின் பெயரால் அமைந்த பதக்கமாகும்!

சிறுவர்க்கு அவர் செய்த பணியும் பெரிது. தம் வேலியைச் சிதைத்த ஊர்ச் சிறுவரைத் தண்டியாது, 1902 இல் அவர்களையே தம் நிலத்திற் பாசறைக்கு அழைத்து வனவாழ்க்கை இயக்கத்தைத் தொடங்கினார். பேடன் பவலின் சாரணத் திட்டமும் அதனின்று சில கூறுகளைப் பெற்றது. 1910 முதல் 1915 வரை அமெரிக்கச் சாரணரின் தலைமைச் சாரணராக அவர் விளங்கினார்.

1946 இல் நியூ மெக்சிக்கோவிலேயே சீற்றன் மறைந்தார். அப்போது ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஓநாய் இனம் அற்றுப்போயிருந்தது. 1995 இல் யெலோஸ்ரன் வனத்தில் ஓநாய்கள் மீண்டும் குடியேற்றப்பட்டன. அவர் எடுத்த வழக்கிற்குக் காலந்தாழ்த்திக் கிடைத்த தீர்ப்பென அதனைக் கொள்ளலாம்.

சாரணச் சீருடை அணியும் எம் மாணவர், முடிச்சுகளைக் கற்பதோடு அமையாது, தம் ஊர்க் குளத்துப் பறவையையும் பற்றைக்காட்டு நரியையும் கூர்ந்து நோக்கி வரையப் பழகுவாராக. உற்று நோக்கிய உயிரை அழிக்க மனம் எளிதில் ஒருப்படாது. சீற்றனின் வாழ்வு எமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.