உரோமை நாவலர் சிசெரோ



கிறிஸ்மஸ் நள்ளிரவுப் பூசையின் சுவிசேஷத்தில், குடிக்கணக்கு எடுக்கக் கட்டளையிட்ட அகுஸ்து சீசரின் பெயரை ஆண்டுதோறும் கேட்கிறீர்கள். அந்த அகுஸ்து இருபது வயது வாலிபனாயிருந்தபோது, தன்னைக் கைதூக்கிவிட்ட ஒரு முதியவரின் பெயரைக் கொலைப் பட்டியலில் சேர்க்கச் சம்மதித்தான். அந்த முதியவர்தான் மார்க்குஸ் துல்லியுஸ் சிசெரோ. இலத்தீன் மொழியில் அவருக்கு நிகரான நாவலர் பிறந்ததில்லை என்பது கற்றோர் துணிபு. அவருடைய வரலாற்றை இவ்வாரம் படியுங்கள். சட்டம் யாருக்காக இருக்கிறது என்ற கேள்விக்கு அதில் விடை உண்டு.

கி.மு. 106-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள், உரோமாபுரிக்குத் தென்கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அர்ப்பீனும் என்ற மலையூரில் சிசெரோ பிறந்தார். சிசெர் என்றால் இலத்தீனில் கொண்டைக்கடலை. முன்னோர் ஒருவரின் மூக்கு நுனியில் கடலையைப் போன்ற பிளவு இருந்ததாம். அதனால் குடும்பத்துக்கே அப்பெயர் ஒட்டிக்கொண்டது. அரசியலில் இறங்கியபோது பெயரை மாற்றிக்கொள்ளும்படி நண்பர்கள் சொல்லியும் அவர் இணங்கவில்லை. வசதியான குடும்பந்தான், ஆயினும் அதில் ஒருவரும் உரோமையில் உயர்பதவி வகித்ததில்லை. இப்படித் தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பதவிக்கு வருகிறவனை உரோமையர் நோவுஸ் ஹோமோ, அதாவது புது மனிதன், என்பார்கள். அச்சொல்லில் மரியாதையைவிட ஏளனமே அதிகம். அவனுக்குப் பரம்பரைப் பெருமையும் இல்லை, படைபலமும் இல்லை. சிசெரோவுக்கு இருந்தது நாவு ஒன்றே.

அந்த நாவு முதலில் புகழ் பெற்றது ஒரு கொலை வழக்கில். சுல்லா என்னும் சர்வாதிகாரி, கி.மு. 82-இல் தன் பகைவர்களின் பெயர்களை எழுதிப் பொது இடத்தில் தொங்கவிட்டான். பட்டியலில் பெயர் வந்தவனை எவனும் விசாரணையின்றிக் கொல்லலாம். கொன்றவனுக்குச் சன்மானம் உண்டு. செத்தவனின் சொத்து ஏலத்துக்கு வரும். இதற்கு ப்ரோஸ்கிரிப்ஸியோ என்று பெயர். பட்டியல் முடிந்த பின்பு கொலையுண்ட ரோஷியுஸ் என்னும் செல்வரின் பெயரையும் அதில் நுழைத்து, சுல்லாவின் கையாள் ஒருவன் சொத்தை அற்ப விலைக்கு அபகரித்தான். அதோடு விடாமல், தந்தையைக் கொன்றவன் மகனே என்று வழக்கும் தொடுக்கப்பட்டது. சுல்லாவுக்கு அஞ்சிப் பெரிய வக்கீல்கள் ஒதுங்கினார்கள். கி.மு. 80-இல், இருபத்தாறு வயதான சிசெரோ எழுந்து வாதாடி மகனை விடுவித்தார். இந்தப் பட்டியலை நினைவில் வையுங்கள்; பின்னால் மறுபடியும் சந்திப்போம்.

பிறகு அவர் கிரேக்க நாடு சென்று, ஆத்தென்ஸ் நகரிலும் ரோது தீவிலும் தத்துவமும் நாவன்மையும் பயின்றார். கி.மு. 75-இல் சிசிலித் தீவில் பொருளதிகாரியாக அலுவல் பார்த்தார். அங்கே சிரக்கூசா நகரில், ஊரார் மறந்துபோன ஆர்க்கிமிடீஸின் கல்லறையை முட்புதருக்குள்ளிருந்து கண்டுபிடித்தவர் அவரே. கல்லின்மேல் செதுக்கியிருந்த உருளையும் கோளமும் அடையாளம் காட்டின.

சிசிலி மக்கள் அவருடைய நேர்மையை மறக்கவில்லை. வெர்ரேஸ் என்ற தேசாதிபதி மூன்று ஆண்டுகள் அத்தீவைக் கொள்ளையடித்தபோது, அவரிடமே முறையிட்டார்கள். கோவில்களைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. தானியத் தேவதையான செரெஸின் மகள் புரொசெர்பினா, சிசிலியின் ஹென்னா ஊர்ப் புல்வெளியில் பூப்பறிக்கையில் பாதாள அரசனான புளூட்டோ அவளைத் தூக்கிச் சென்றான் என்பது உரோமையரின் புராணம். அந்த ஹென்னாவிலிருந்த செரெஸின் சிலையையே வெர்ரேஸ் பெயர்த்தெடுத்தான்.

அதைவிடக் கொடியது ஒன்றும் செய்தான். காவியுஸ் என்ற உரோமைக் குடிமகனைக் கசையால் அடித்து, இத்தாலியக் கரை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் சிலுவையில் அறைந்தான். உரோமைக் குடிமகனைச் சிலுவையில் அறைவது சட்டத்துக்கு முற்றும் விரோதம். தீர்ப்பில்லாமல் அவனை அடிக்கவும் கூடாது. சாவுத் தண்டனை என்றால், மக்களிடம் மேல்முறையீடு செய்ய அவனுக்கு உரிமை உண்டு. அர்ச். சின்னப்பர் கசையடியிலிருந்து தப்பியதும் சீசரிடம் முறையிட்டதும் பிற்காலத்தில் இந்தக் குடியுரிமையைக் கொண்டுதானே? கி.மு. 70-இல் சிசெரோ ஐம்பது நாட்கள் சிசிலியைச் சுற்றிச் சாட்சியம் திரட்டிவந்து வழக்குரைத்தார். வெர்ரேஸ் தீர்ப்புக்குக் காத்திராமல் நாட்டைவிட்டு ஓடினான்.

கி.மு. 63-இல் புது மனிதன் உச்சிக்கு ஏறினார். ஆண்டுக்கு இருவராகத் தேர்ந்தெடுக்கப்படும் கொன்சுல் பதவி அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் அகுஸ்து சீசரான ஒக்தாவியன் பிறந்ததும் அதே ஆண்டில்தான். தேர்தலில் தோற்ற கத்திலீனா என்ற பிரபு, ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தான். நவம்பர் 8-ஆம் நாள் யூப்பித்தர் கோவிலில் கூடிய செனட் சபையில், அவன் முகத்துக்கெதிரே சிசெரோ சதியை அம்பலப்படுத்தினார். அன்றிரவே அவன் ஊரைவிட்டு வெளியேறினான். டிசம்பர் தொடக்கத்தில், நகரில் தங்கியிருந்த கூட்டாளிகள் எழுதிய கடிதங்கள் கையும் களவுமாகப் பிடிபட்டன. ஐவர் சிறைப்பட்டனர்.

இங்கேதான், வாசகரே, சிசெரோவின் வாழ்வு ஒரு முச்சந்திக்கு வந்து நிற்கிறது. ஐவரும் குற்றவாளிகள், அதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் உரோமைக் குடிமக்கள். டிசம்பர் 5-ஆம் நாள் செனட் சபை கூடியது. அவர்களை இத்தாலிய ஊர்களில் ஆயுள் முழுதும் காவலில் வைக்கலாம் என்றார் ஜூலியஸ் சீசர்; கொல்லவேண்டும் என்றார் கேத்தோ. சபை கேத்தோவின் பக்கம் சாய்ந்தது. அன்று மாலையே, பிற்காலத்தில் அர்ச். இராயப்பரும் அடைபட்டிருந்ததாகப் பாரம்பரியம் சொல்லும் அந்தச் சிறையின் நிலவறையில், ஐவரும் கழுத்து நெரிக்கப்பட்டனர். நீதிமன்ற விசாரணை நடக்கவில்லை. மேல்முறையீட்டுக்கு இடமும் தரவில்லை. இறந்தவனை இறந்தான் என்று சொல்லாமல் காலமானான் என்கிறோம் அல்லவா? அதுபோல, வாழ்ந்து முடித்தார்கள் என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லால் சிசெரோ அச்செய்தியை மக்களுக்கு அறிவித்தார். மக்கள் ஆரவாரித்து அவரை வீடுவரை அழைத்துச் சென்றனர். பாத்தெர் பாத்ரியே, தேசத்தின் தந்தை, என்ற பட்டமும் வந்தது.

ஆபத்து மெய்யானதுதான். கத்திலீனாவின் படை வடக்கே ஆயுதத்தோடு காத்திருந்தது. ஆனாலும் காவியுஸுக்காக இடிபோல் முழங்கிய அதே நாவு, இந்த ஐவருக்கு அந்த உரிமையை மறுத்தது. கடன் வளர்வதுபோல அச்செயலின் விளைவும் வளர்ந்தது. கி.மு. 58-இல் குளோதியுஸ் என்ற பகைவன், குடிமகனை விசாரணையின்றிக் கொன்றவன் நாடுகடத்தப்பட வேண்டும் என்று சட்டம் இயற்றினான். சிசெரோ கிரேக்க நாட்டுக்கு ஓடினார். பலத்தீன் குன்றிலிருந்த அவர் மாளிகையை இடித்து, அந்த மனையில் சுதந்திர தேவதைக்குக் கோவில் எழுப்பினார்கள். மறு ஆண்டு மக்கள் அவரைத் திரும்ப அழைத்தார்கள். ஆனால் பழைய செல்வாக்கு திரும்பவில்லை.

பின்பு சீசருக்கும் பொம்பேயுவுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. தோற்ற பொம்பேயுவின் பக்கம் நின்ற சிசெரோவைச் சீசர் மன்னித்தார். கி.மு. 45-இல் அருமை மகள் துல்லியா பிரசவித்த சில வாரங்களில் இறந்தாள். அந்தத் துயரத்தில் அவர் பேனாவைப் பிடித்தார். இரண்டு ஆண்டுகளுக்குள், கிரேக்கரின் தத்துவம் முழுவதையும் இலத்தீனில் தந்துவிட்டார். தாய்மொழியில் சொல் இல்லாத இடத்தில் சொல்லைப் படைத்தார். நாம் நாள்தோறும் கேட்கும் குவாலிட்டி, மாரல் என்னும் ஆங்கிலச் சொற்களின் வேர் அவர் உண்டாக்கிய இலத்தீன் சொற்களே. ஆத்தென்ஸில் படித்துக்கொண்டிருந்த மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

கி.மு. 44 மார்ச் 15-இல் சீசர் கொலையுண்டார். அதிகாரத்தைப் பிடிக்க முனைந்த மாற்கு அந்தோனியை எதிர்த்து, அறுபது வயதைத் தாண்டிய சிசெரோ மீண்டும் எழுந்தார். பதினான்கு பிரசங்கங்களால் அவனைச் சாடினார். அவனை அடக்க ஆள் தேடி, சீசரின் தத்துப் பிள்ளையான ஒக்தாவியனை வளர்த்துவிட்டார். ஆனால் கி.மு. 43-இன் இறுதியில் ஒக்தாவியனும் அந்தோனியும் லெப்பிதுஸும் கைகோத்துக்கொண்டனர். சுல்லாவின் பட்டியல் மறுபடியும் தொங்கியது. அதில் சிசெரோவின் பெயரும் இருந்தது. அந்தோனியின் பகைக்கு ஒரு பழைய வேரும் உண்டு: நிலவறையில் நெரிக்கப்பட்ட ஐவரில் ஒருவனான லெந்துலுஸ், அந்தோனியை வளர்த்த மாற்றுத் தகப்பன்.

டிசம்பர் 7-ஆம் நாள், ஃபோர்மியே என்ற கடற்கரை ஊரருகே, பல்லக்கில் சென்ற சிசெரோவைக் கொலைஞர் பிடித்தனர். உயிரைக் கொடுத்துத் தடுக்க அடிமைகள் ஆயத்தமாயிருந்தும், வேண்டாம் என்று தடுத்துத் தாமே கழுத்தை நீட்டினார். அவர் தலையும் எழுதிய கையும், அவர் முழங்கிய பேச்சு மேடையிலேயே தொங்கவிடப்பட்டன. ஐவரும் செத்து அன்றைக்கு இருபது ஆண்டும் இரண்டு நாளும். அவருக்கும் விசாரணை இல்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், அகுஸ்து ஒரு நாள் தன் பேரப்பிள்ளையின் அறைக்குள் நுழைந்தபோது, பையன் பயந்து ஒரு நூலை ஆடைக்குள் ஒளித்தானாம். அது சிசெரோவின் நூல். கிழவர் அதை வாங்கி, நின்றபடியே நெடுநேரம் படித்தார். அவர் நாவலர், நாட்டை நேசித்தவர் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். நூல்கள் கொலைஞருக்குத் தப்பின. அவற்றுள் ஒன்றைப் பத்தொன்பது வயதில் படித்தே அர்ச். அகுஸ்தினார் ஞானத்தைத் தேடப் புறப்பட்டார். நீ கிறிஸ்தவனல்ல, சிசெரோவின் சீடன் என்று கனவில் கண்டிக்கப்படுமளவுக்கு அவரை விரும்பிப் படித்தவர், வேதாகமத்தை இலத்தீனாக்கிய அர்ச். ஜெரோம்.

வாசகரே, சிசெரோ கெட்டவர் அல்லர். தம் காலத்தில் சட்டத்தை அவரைப்போல் நேசித்தவர் சிலரே. அதனால்தான் அவர் வாழ்வு நமக்குப் பாடம். நல்லவனுக்கு நியாயம் கேட்பது எளிது. கையில் அகப்பட்ட துஷ்டனையும் விசாரித்தபின் தண்டிப்போம் என்று பொறுப்பதே அரிது. ஊர்ப் பஞ்சாயத்திலும் சரி, வீட்டில் பிள்ளைகளைக் கண்டிக்கும்போதும் சரி, எதிர்த்தரப்பின் சொல்லைக் கேளாமல் தீர்ப்புக் கூறாதீர்கள். பகைவனுக்காகத் திறந்துவைத்த வாசல் வழியேதான், ஒரு நாள் நமக்கும் நியாயம் வந்து சேரும்.