முக்கொம்பு கண்ட ஆர்தர் காட்டன்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

அகண்ட காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, திருவரங்கத்தை இரு கைகளால் அணைத்து ஓடும் அழகைக் காணாத திருச்சி மாணவர் இருக்க முடியாது. அங்குள்ள மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது, 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. அப்போது நான் ஏழாம் வகுப்பு மாணவன். இத்தனை காலம் நின்ற அணையைக் கட்டியவர் யார் என்று ஆசிரியரிடம் கேட்டேன். அன்று கேட்ட பெயர்தான் ஆர்தர் காட்டன். சரக்குப் போக்குவரத்துக்கு அரசு எதில் பணம் போட வேண்டும் என்பதற்காகவும் அவர் நெடுங்காலம் வாதாடினார் என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே படித்தறிந்தேன்.

காவிரியில் கற்ற பாடம்

1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்த காட்டன், 1821இல், பதினெட்டு வயதில், பொறியாளராகச் சென்னை வந்தார். அக்காலத்தில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருந்ததால் பெரும்பகுதி நீர் அதில் இறங்கிக் கடலுக்குப் போயிற்று. காவிரி மணல் மேடிட்டது. தஞ்சை வயல்கள் நீரின்றி வாடின. 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டும் பணியில் இறங்கி, நீரைக் காவிரிக்குத் திருப்பினார் காட்டன். ஆற்று மணலிலேயே அடித்தளம் இடும் கலையைக் கல்லணை கட்டிய நம் முன்னோரிடம் கற்றதாக அவர் ஒப்புக்கொண்டது நமக்குப் பெருமையே.

தண்டவாளமா, தண்ணீரா?

இரயிலை அறியாதவர் அல்லர் காட்டன். சாலை போடும் கல்லைச் சென்னைக்குக் கொண்டுவர, 1837இல் செங்குன்றம் பக்கத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ஓடிய இருப்புப்பாதை அவர் அமைத்ததே. இந்தியாவின் முதல் இருப்புப்பாதை அதுவே என்பர்.

ஆயினும் அவர் மனம் நீர்வழியையே நாடியது. 1847 முதல் 1852 வரை தவளேசுவரத்தில் கோதாவரி அணையைக் கட்டினார். அதன் கால்வாய்கள் வயலுக்குப் பாய்ந்தன; அவற்றிலேயே படகுகளும் சரக்கேற்றிச் சென்றன. ஒரு செலவில் இரு பயன்! ஏழை நாட்டில் நெல், உப்பு, விறகு போன்ற கனத்த பண்டங்களுக்கு வேகம் தேவையில்லை, மலிவான வாடகையே தேவை. கால்வாய் வெட்டிய பணமும் விளைச்சல் வழியே திரும்பி வரும் என்பது அவர் கணக்கு.

அரசின் கணக்கோ வேறு. இருப்புப்பாதைக் கம்பெனிகளின் முதலீட்டுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி உறுதியளிக்கப்பட்டது. இலாபம் குறைந்தால் கருவூலம் ஈடு செய்யும். கருவூலத்துக்கோ உழவனின் நிலவரிதான் பெரும் வருவாய். அந்த உறுதியின் பேரிலேயே நாகையிலிருந்து 1861இல் தஞ்சைக்கும், 1862இல் நம் திருச்சிக்கும் இரயில் வந்தது.

1876–78 பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். இரயிலில் தானியம் வந்தது. வாங்கத்தான் ஏழையிடம் காசில்லை. 1878இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் காட்டன் தம் கால்வாய்த் திட்டத்தை விளக்கினார். குழு அதை ஏற்கவில்லை.

நடுநிலையாகப் பார்த்தால்

காட்டன் சொன்னதெல்லாம் சரி என்று நான் கூற வரவில்லை. சித்திரை மாதத்தில் காவிரிப் பாலத்தின்மேல் நின்று பார்ப்பவர், இம்மணலில் படகு எப்படி ஓடும் என்றுதான் கேட்பார். அவர் ஆதரித்த கர்னூல்–கடப்பை கால்வாயை வெட்டிய கம்பெனிக்கும் அதே 5 விழுக்காடு உறுதிதான் கிடைத்தது. போதிய வருமானமின்றி 1882இல் அரசே அதை வாங்க நேர்ந்தது. மேலும், இரயில் வந்ததால்தான் திருச்சி பெரிய சந்திப்பு நிலையமாக வளர்ந்தது. பொன்மலைப் பணிமனையால் பிழைத்த குடும்பங்கள் எத்தனை!

ஆனால் அவர் எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. என் தந்தையார் காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். லாரி வாடகை ஏறினால் வியாபாரி அதைத் தன் பணத்தில் கொடுப்பதில்லை. தார் கொண்டுவரும் வாழை விவசாயியின் விலையிலும், சுமப்பவர் கூலியிலும் அது பிடிக்கப்படும் என்று அப்பா சொல்லுவார். 2022–23இல் காவிரிப் பாலம் பழுதுபார்க்க மூடப்பட்டு வண்டிகள் சுற்றிச் சென்ற மாதங்களில் அதை எங்கள் வீட்டு அடுப்படியிலேயே கண்டேன். காட்டன் பெயரைக்கூடக் கேட்டிராத அப்பாவும் காட்டனும் போட்டது ஒரே கணக்குத்தான்.

1861இல் சர் பட்டம் பெற்ற காட்டன், முதுமையிலும் சும்மா இருக்கவில்லை. தம் நிலத்தில் கோதுமைச் சாகுபடியில் ஆராய்ச்சிகள் செய்தார். 1899ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், 96ஆம் வயதில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! நாளை நம்மில் சிலர் பொறியாளராகலாம், அதிகாரியாகலாம். பாலமோ, பாதையோ, துறைமுகமோ திட்டமிடும் தாள் நம் மேசைக்கு வரலாம். எவ்வளவு வேகம், எவ்வளவு செலவு என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அதில் எந்தச் சரக்குப் போகும், நட்டம் வந்தால் அது யார் தலையில் விழும் என்றும் கேட்போம். அந்தக் கேள்வியைக் கேட்க மூட்டை சுமப்பவரின் பிள்ளைகளும் இப்போது கல்லூரிக்கு வந்துவிட்டோம். இடிந்த மதகுகளுக்கு ஈடாக முக்கொம்பில் புதிய கதவணை எழுந்துவிட்டது. அடுத்த விடுமுறையில் அப்பாவை அங்கே அழைத்துச் சென்று காட்டனின் கதையைச் சொல்லப் போகிறேன்.