மாண்டிசோரி அம்மையார்

போடிநாயக்கனூர்க் கிட்டங்கிகளில் அமர்ந்து ஏலக்காயைத் தரம் பிரிக்கும் ஸ்திரீகளின் கைவேகத்தைக் கண்டவர்கள், கல்வியைப் பற்றிய ஒரு பெருங் கேள்வியைக் கண்ணெதிரே கண்டவர்களாவார்கள். பச்சை நிறத்தில் எத்தனை பச்சை உண்டு என்பதை அப்பெண்கள் எந்தப் புத்தகத்திலும் படித்தவர்களல்லர். பருத்த காய், சிறுத்த காய், வெடித்த காய், நிறம் வெளுத்த காய் என்று கண்ணும் விரலும் கூடி ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. மலைமேல் தோட்டத்திலோ, செடியின் அடியில் குந்தியிருந்து, சரத்தில் முற்றிய காயை மட்டும் எடுத்து, இளங்காயை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்க வேண்டும். இந்த அறிவு கையின் வழியே மூளைக்கு ஏறிய அறிவாகும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை கற்பது முக்கியமாக இவ்வழியில்தான் என்று உலகுக்கு எடுத்துக் காட்டிய மாது ஒருவர், போடிக்கு வடகிழக்கே பழனி மலைத்தொடரின் மேலுள்ள கொடைக்கானலில், 1942 முதல் 1944 வரை, யுத்த காலத்து அகதியைப்போல வசித்தார். அவரே டாக்டர் மரியா மாண்டிசோரி. அவருடைய பெயரைத் தாங்கிய பலகை இன்று நம் நாட்டில் இல்லாத ஊரில்லை. அவருடைய சரித்திரத்தை அறிந்தவர்களோ சிலரே.

1870 ஆம் வருஷம் ஆகஸ்டு 31 ஆம் தேதி, இத்தாலியில் அங்கோனாவுக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பெண்கள் உபாத்தியாயினிகளாகலாம், அதற்கு மேல் ஆகாது என்பது அக்காலத்து வழக்கம். அவரோ பிடிவாதமாக ரோமாபுரி சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்றார். ஆண் மாணவர்களுடன் சேர்ந்து பிரேதப் பரிசோதனை செய்வது தகாதென்று கருதப்பட்டதால், மற்றவர்கள் சென்ற பிறகு தனியே அறையில் இருந்து அந்தப் பாடத்தைக் கற்றார். 1896 இல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் வைத்தியர் சிலருள் ஒருவரானார்.

மனநோய் விடுதிகளில் புத்தி மந்தமான குழந்தைகள் பைத்தியக்காரருடன் சேர்த்து அடைக்கப்பட்டிருந்ததை அவர் அங்கே கண்டார். பார்ப்பதற்கும் தொடுவதற்கும் அவர்களுக்கு ஒரு பொருளுமில்லை. அக்குழந்தைகளுக்கு வேண்டியது மருந்தன்று, கைக்கு வேலை என்று அவருக்குத் தோன்றியது. பிரான்ஸ் தேசத்து வைத்தியர்களான இட்டார், செகேன் இருவரும் எழுதிவைத்த நூல்களைத் தேடிப் படித்து, அவர்கள் வழியில் கருவிகள் செய்வித்துப் பழக்கினார். மந்தமென்று தள்ளப்பட்ட பிள்ளைகளிற் சிலர் பொதுப் பரீட்சையில் மற்றவர்க்கு நிகராகத் தேறினார்கள். ஊரார் அவரைப் புகழ்ந்தனர். அவருடைய மனமோ வேறு திசையிற் சென்றது. குறையுள்ள குழந்தைகள் இவ்வளவு கற்கக் கூடுமானால், குறையில்லாத குழந்தைகளை அவர்கள் அளவிலேயே நிறுத்தி வைத்திருக்கும் பள்ளிக்கூடங்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று அவர் ஆலோசிக்கலானார்.

1907 ஆம் வருஷம் ஜனவரி 6 ஆம் தேதி, ரோமாபுரியில் ஸான் லோரென்ஸோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் அவருடைய முதல் குழந்தை இல்லம் திறக்கப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டடச் சொந்தக்காரர்கள் கல்வியை விரும்பி அதை ஏற்படுத்தவில்லை. பெற்றோர் கூலிக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிப் பாழாக்காதிருக்க ஓரிடம் வேண்டுமென்றே ஏற்படுத்தினர். ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் கூடினர். முறையான பயிற்சியில்லாத ஒரு பெண்ணையே அம்மையார் மேற்பார்வைக்கு வைத்தார். மரக்கட்டையில் குடைந்த பத்துக் குழிகளும் அவற்றிற் பொருந்தும் பத்து உருளைகளும், ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை வளரும் பத்துக் கனசதுரங்கள், ஒரே நிறத்தின் பல சாயல்களை வரிசைப்படுத்தும் அட்டைகள் முதலியவை அங்கே இருந்தன. குழந்தைகள் பொம்மைகளை ஒதுக்கிவிட்டு இவற்றையே எடுத்தனர். ஒரே வேலையைப் பலமுறை திரும்பத் திரும்பச் செய்து, பிறகு களைப்பின்றி எழுந்தனர். மிட்டாய்ப் பரிசைக்கூட அவர்கள் பொருட்படுத்தவில்லை.

எழுத்துக்களை உப்புத்தாளில் வெட்டி ஒட்டி விரலால் தடவச் செய்தார். நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியதை வாசகர்கள் நினைவு கொள்ளலாம். விரல் முதலில் அறியட்டும், கண் பிறகு அறியட்டும் என்னும் அளவில் இரண்டும் ஒன்றே. நமது திண்ணையில் மணலுக்குப் பக்கத்தில் பிரம்பும் இருந்தது. தவறைச் சொல்ல வேண்டியவர் வாத்தியார். அம்மையாருடைய கருவியிலோ, உருளையைத் தவறான குழியில் இட்டால் கடைசியில் ஓர் உருளை குழியின்றி மிஞ்சும். பிழையைக் கருவியே சொல்லிவிடுகிறபடியால் குழந்தை எவர் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. இந்த வேற்றுமையைச் சிறியதென்று நாம் எண்ணவில்லை.

அவர் கண்ட தத்துவத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் சூழ்நிலையை முயற்சியின்றி உறிஞ்சிக்கொள்கிறது. தாய்மொழியை எந்தக் குழந்தையும் இலக்கணம் படித்துக் கற்பதில்லை. பேச்சு, ஒழுங்கு, அசைவு முதலிய ஒவ்வொன்றுக்கும் மனம் தானே நாடும் ஒரு பருவம் உண்டு. பயிரின் பருவம் தவறி நீர் பாய்ச்சுவதுபோலாகும், அப்பருவம் கடந்து கற்பிப்பது. அதே காலத்தில் அமெரிக்காவில் தார்ன்டைக் என்பவர், பூனைகளைக் கூண்டிலடைத்துச் சோதித்து, பலன் கிடைத்த செய்கையே பழக்கமாகிறதென்று முடிவு செய்திருந்தார். பரிசையும் தண்டனையையும் நம்பும் பள்ளிக்கூடங்களுக்கு அது இனித்தது. ஸ்விட்ஜர்லாந்தின் பியாஜே, குழந்தை பெரியவரின் சிறு உருவமன்று, அது படிப்படியாக வேறு வேறு விதமாய்ச் சிந்திக்கிறதென்று காட்டினார். அவர் தம் நாட்டு மாண்டிசோரி சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 1934 இல் முப்பத்தேழாம் வயதில் காலமான ருஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கியோ ஆட்சேபம் எழுப்பினார். அம்மையாரின் குழந்தைகள் அழகாக எழுதுவது கைப்பழக்கமே, எழுத வேண்டிய தேவை குழந்தையின் வாழ்விலும் பிறருடன் அது கொள்ளும் உறவிலும் பிறக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதில் நியாயமுண்டு என்பதே நம் அபிப்பிராயம். பருவங்களின் கதவு அவர் எண்ணியபடி அவ்வளவு கண்டிப்பாக மூடிக்கொள்வதில்லை என்றும் பிற்கால ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன.

அவர் வாழ்க்கையில் மறைக்கத் தகாத இரண்டு விஷயங்கள் உள. 1898 இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். மணமாகாத நிலையில், குழந்தையைக் கிராமத்துக் குடும்பம் ஒன்றில் வளரவிட்டார். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தாயாக நின்றவர் தம் குழந்தையைப் பல வருஷங்கள் தம் குழந்தை என்று சொல்ல முடியவில்லை. மாரியோ என்னும் அம்மகன் பதினைந்தாம் வயதையொட்டி அவரை அடைந்து, பின்னர் பிரியவேயில்லை. இரண்டாவது, 1924 முதல் முஸோலினியின் ஆதரவை அவர் ஏற்றுக்கொண்டது. தம் பள்ளிகள் பெருகினாற் போதுமென்று எண்ணினார் போலும். சுயேச்சையாய் எண்ணும் குழந்தையும் சர்வாதிகாரியும் ஒரு கூரையின்கீழ் வாழ முடியாதென்பது சிறிது காலத்தில் விளங்கிற்று. 1934 இல் இத்தாலியை விட்டு வெளியேறினார். 1936 இல் உள்நாட்டு யுத்தம் அவரை ஸ்பெயினிலிருந்தும் விரட்டியது.

1939 நவம்பரில், அருண்டேல் தம்பதிகளின் அழைப்பின்பேரில், அறுபத்தொன்பதாம் வயதில் சென்னை வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் சுமார் முந்நூறு பேர் அவரிடம் பயின்றனர். அவர் இத்தாலிய மொழியிற் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, தாயும் மகனும் எதிரி நாட்டுப் பிரஜைகளாயினர். மகன் முகாமில் அடைக்கப்பட்டார். தாய் அடையாற்று எல்லைக்குள் நிறுத்தப்பட்டார். சட்டம் ஒருவரின் பாஸ்போர்ட்டைப் பார்க்குமேயன்றி, அந்த பாஸ்போர்ட்டைக் கொடுத்த அரசாங்கத்துக்கு அவர் எவ்வளவு வேண்டாதவர் என்பதைப் பார்க்காது. அவருடைய எழுபதாம் பிறந்த நாளன்று வைஸ்ராய் மாரியோவை விடுவித்துத் தந்தி அனுப்பினார். அதில் அவர் மகன் என்றே குறிக்கப்பட்டார். நாற்பத்திரண்டு வருஷங்கள் உலகம் சொல்லாததைச் சர்க்காரின் காகிதம் சொல்லிற்று.

கொடைக்கானலில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளைக் கொண்ட ஒரு சிறு பள்ளியை நடத்தினார். ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் கல்வி முறை பெரும்பாலும் அங்கேதான் உருவாயிற்று. வகுப்பறையில் வைத்துச் சொல்லவேண்டிய பாடங்களை மலையும் நீரும் பூச்சியும் செடியும் சொல்லின. மண்ணுக்கும் செடிக்கும் பூச்சிக்கும் மனிதனுக்கும் உள்ள தொடர்பை முழுதாகக் காட்டி, பிறகே பகுதிகளுக்கு இறங்கவேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டுத் தாய்மார் குழந்தையை இடுப்பில் சுமந்து சென்ற இடமெல்லாம் உலகத்தைக் காட்டும் வழக்கம் அவருக்கு மிகவும் உவப்பாயிருந்தது.

அத்தாய்மாரின் இன்றைய நிலையைச் சிறிது பார்ப்போம். விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் இடுப்புக் குழந்தையை எடுத்துச் செல்ல இயலாது. ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்று 1951 ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது. காப்பகம் இருப்பினும் அது மலைமேல். குழந்தையோ கீழே ஊரில், பாட்டியிடத்திலோ அங்கன்வாடியிலோ இருக்கிறது. ஸான் லோரென்ஸோவின் நிலைமையும் இதுவே. அவ்வாறு பிறந்த முறை இன்று யாருக்குப் பயன்படுகிறது? மாண்டிசோரி என்ற பெயர் எவருக்கும் தனியுரிமையன்று என்று 1967 இல் அமெரிக்கப் பதிவு அதிகாரிகள் தீர்மானித்தனர். நம் நாட்டிலும் பலகை எழுதக் காசிருந்தாற் போதும். பெருங் கட்டணம் வாங்கி, மூன்று வயதுக் குழந்தையை வரிசையில் உட்காரவைத்து ஆங்கிலப் பாட்டை உருவேற்றும் இடங்களும் அப்பெயரைச் சூடிக்கொள்கின்றன. உண்மையான முறையோ ஏழைக்கு உதவாததன்று. மில்வாக்கி நகரத்துப் பொதுப் பள்ளி ஒன்றில் குலுக்கலில் இடம் பெற்ற குழந்தைகளையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு 2006 இல் வெளியான ஆராய்ச்சி, இடம் பெற்றவர்கள் ஐந்து வயதில் எழுத்தறிவிலும் கணக்கிலும் முந்தி நின்றதைக் காட்டியது. அங்கன்வாடி ஊழியரின் கையில் கணக்கேடுகளை அடுக்குவோர், பத்து உருளைகளும் ஒரு மரக்கட்டையும் கொடுக்க ஏன் தயங்கவேண்டும் என்று கேட்கிறோம். அவற்றைச் செய்யத் தச்சர்கள் போடியிலேயே உண்டு.

1946 இல் அம்மையார் ஐரோப்பா திரும்பினார். அடுத்த வருஷமே மீண்டும் இந்தியா வந்து, 1949 வரை உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தார். இந்தியாவில் அவர் செய்த பிரசங்கங்களிலிருந்து உருவான பெரு நூல் 1949 இல் அடையாற்றில் வெளிவந்தது. 1952 மே 6 ஆம் தேதி, ஹாலந்து தேசத்தில் கடலோரமுள்ள நோர்ட்விக் என்னும் ஊரில், ஆப்பிரிக்காவுக்குச் சென்று அங்குள்ள உபாத்தியாயர்களைப் பயிற்றுவிக்கலாமா என்று மகனுடன் ஆலோசித்துக்கொண்டிருந்தார். எண்பத்தொரு வயதில் அவ்வளவு தூரப் பிரயாணம் ஆகாதென்று மாரியோ தடுத்துச் சொன்னார். சிறிது நேரத்தில் அவருடைய ஆவி பிரிந்தது.