நாட்டை இழந்தும் தஞ்சையை விடாத ராஜா: யார் இந்த இரண்டாம் சரபோஜி?

தஞ்சாவூர் அரண்மனைக்குப் போகிறவர்கள் சோழர் கால வெண்கலச் சிலைகளைப் பார்ப்பார்கள், அப்படியே பெரிய கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதே கலைக்கூடத்தில் வெள்ளைப் பளிங்கில் கைகூப்பி நிற்கும் ராஜாவை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. அவர்தான் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. நாட்டை ஆளும் உரிமையை 22 வயதிலேயே எழுதிக் கொடுத்தவர். அப்படிப்பட்டவரை இன்றும் ஏன் பேசுகிறோம்?

தத்துப்பிள்ளைக்கு வந்த சோதனை

சரபோஜி பிறந்தது 1777-ல். வாரிசு இல்லாத மன்னர் துளஜா, 1787-ல் இவரைத் தத்தெடுத்தார். சிறுவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியாரிடம் கொடுத்தார். அதே ஆண்டு துளஜா இறந்துபோனார்.

துளஜாவின் சகோதரர் அமர்சிங், தத்து செல்லாது என்று சொல்லி அரியணை ஏறினார். கிழக்கிந்தியக் கம்பெனியும் அதை ஏற்றுக்கொண்டது. அரண்மனைக்குள்ளேயே கிட்டத்தட்ட சிறைவாசம்தான் சரபோஜிக்கு. 1793-ல் அவரைச் சென்னைக்கு அனுப்பிவைக்க ஷ்வார்ட்ஸ்தான் முயற்சி எடுத்தார். சரபோஜி ஆங்கிலமும் மேற்கத்திய அறிவியலும் படித்தது இப்படித்தான்.

கடைசியில் கம்பெனி மனம் மாறியது. 1798 ஜூனில் சரபோஜி மன்னரானார். அதைப் பார்க்க ஷ்வார்ட்ஸ் இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் அவர் இறந்திருந்தார். மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியாரின் கையைச் சரபோஜி பிடித்திருப்பது போன்ற பளிங்குச் சிற்பம், தஞ்சை சிவகங்கைப் பூங்கா அருகே உள்ள தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது. இத்தனைக்கும் சரபோஜி மதம் மாறவில்லை.

1799-ல் என்ன நடந்தது?

அரியணைக்கு ஒரு விலை இருந்தது. அடுத்த ஆண்டே, 1799 அக்டோபரில் ஒப்பந்தம் போடப்பட்டது. நிர்வாகமும் வரி வசூலும் கம்பெனியின் கைக்குப் போயின. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிய சிறு பகுதியும், ஆண்டுக்கு 1 லட்சம் நட்சத்திரப் பகோடா பணமும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்.

இனி போர் கிடையாது, ஆட்சிப் பொறுப்பும் கிடையாது. ஆனால் பணமும் நேரமும் இருந்தன. இரண்டையும் அவர் எதில் போட்டார் என்பதுதான் முக்கியம்.

அரண்மனைக்குள் என்னென்ன செய்தார்?

நூலகம்: நாயக்கர் காலத்திலேயே அரண்மனையில் சுவடிகள் இருந்தன. அதைப் பெரிய நூலகமாக வளர்த்தவர் சரபோஜி. 1820-ல் சுமார் 3,000 பேருடன் காசி யாத்திரை போனபோதும், வழியெல்லாம் சுவடிகளை வாங்கினார், நகலெடுக்கச் செய்தார். ஐரோப்பிய நூல்களையும் வரவழைத்தார்.

அச்சகம்: 1805-ல் தேவநாகரி எழுத்துகளுடன் அச்சுக்கூடம் அமைத்தார். ஈசாப் கதைகளின் மராத்தி மொழிபெயர்ப்பு 1806-ல் இங்கே அச்சானது.

மருத்துவம்: தன்வந்திரி மகாலில் நம்ம ஊர் வைத்தியமும் மேற்கத்திய மருத்துவமும் சேர்ந்தே நடந்தன. கண் நோயாளிகளுக்கு என்ன பிரச்சினை, என்ன சிகிச்சை என்று எழுதி, கண்ணை வண்ணத்தில் வரைந்தும் வைத்தார்கள். இன்றைய கேஸ் ஷீட் மாதிரிதான்.

ஹீரோவா, பொம்மை ராஜாவா?

விமர்சனமும் இல்லாமல் இல்லை. நெப்போலியனுக்கு எதிரான ஆங்கிலேயர்களின் வெற்றியைக் கொண்டாட, கடலோரத்தில் மனோரா கோபுரத்தைக் கட்டியவரும் இவர்தான். அவர் அறிவைச் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில், தஞ்சை விவசாயிகளிடம் வரி வசூலித்தது கம்பெனி. இரண்டையும் சேர்த்துத்தான் இவரை எடைபோட வேண்டும்.

1832-ல் சரபோஜி இறந்தார். 1855-ல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, கோட்டைக்குள் மிச்சமிருந்த அரசும் முடிந்தது.

ஆனால் நூலகம் முடியவில்லை. 1918-ல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1951-ல் அரண்மனையில் கலைக்கூடமும் வந்தது. பாங்காக்கிலும் ஒரு பழைய அரண்மனைதான் இன்று தேசிய அருங்காட்சியகம். ராஜாக்கள் போனபின் அரண்மனை அருங்காட்சியகம் ஆவது உலக வழக்கம். தஞ்சையில் மட்டும், ராஜா இருக்கும்போதே அந்த வேலை பாதி முடிந்திருந்தது.