மழைக்குக் கணக்குப் போட்ட வெள்ளைக்காரர்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளியும் முருங்கையும் வெங்காயமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. அத்தனையும் மழையை நம்பி, மழையால் கிணற்றில் ஊறும் தண்ணீரை நம்பி விளைந்தவை. தென்மேற்குக் காற்று கொண்டு வரும் மழையை மலைகள் தடுத்து விடுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் இந்தப் பக்கத்துக்குப் பெரிய மழை.

இப்போதெல்லாம் சித்திரை பிறந்ததும் டெலிவிஷனில் மழைக் கணிப்பு வந்து விடுகிறது. பசிபிக் கடல் சூடாகி விட்டது, எல் நினோ வருகிறது, மழை குறையலாம் என்கிறார்கள். சில ஆண்டு பலிக்கிறது. சில ஆண்டு பலிப்பதில்லை.

பல்லாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள கடலுக்கும் நம் நாட்டு மழைக்கும் என்ன சம்பந்தம்? இதற்கு வழி காட்டியவர் ஒரு கணக்கு ஆசிரியர். அவர் பெயர் கில்பர்ட் வாக்கர்.

தாது வருஷப் பஞ்சம்

வாக்கர் 1868-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் பிறந்தார். அவர் எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, இங்கே சென்னை ராஜதானியில் மழை பொய்த்தது. அதுதான் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை அது ஆட்டிப் படைத்தது. இந்தியா முழுவதும் 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள்.

வெள்ளைக்கார சர்க்கார் அப்போதும் தானியத்தைக் கப்பல் ஏற்றிக்கொண்டுதான் இருந்தது. பழியை வானத்தின் மேல் போடுவது அதற்குச் சுலபமாக இருந்தது. எப்படியோ, மழை வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லும்படி வானிலை இலாகாவைக் கேட்டது. அந்த இலாகா 1875-ல்தான் தொடங்கியிருந்தது.

இலாகாவின் முதல் தலைவர் பிளான்போர்டு. இமயமலையில் பனி அதிகம் விழுந்தால் மழை குறையும் என்றார் அவர். வேறு சில விஞ்ஞானிகள் சூரியனைக் காட்டினார்கள். சூரியனில் கரும்புள்ளிகள் தோன்றி மறைகின்றன. சுமார் 11 ஆண்டுக்கு ஒரு சுற்று. புள்ளிகள் குறைந்தால் பஞ்சம் வரும் என்றார்கள். ஒட்டன்சத்திரத்துக்குத் தெற்கே தெரியும் பழனி மலைத் தொடரில், கொடைக்கானலில், 1899-ல் சூரிய ஆராய்ச்சி நிலையம் அமைந்ததற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம்.

அதே 1899-ல் இலாகாவின் மானம் போயிற்று. பிளான்போர்டுக்குப் பின் வந்த எலியட், மழை நன்றாக இருக்கும் என்று அறிவித்தார். மழை அடியோடு பொய்த்தது. மீண்டும் கொடிய பஞ்சம்.

கணக்குப் புலி வந்தார்

எலியட்டுக்குப் பிறகு யார்? வானிலை படித்தவரை அமர்த்தவில்லை. கணக்குப் புலியை அமர்த்தினார்கள். வாக்கர் 1889-ல் கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் முதல் இடம் பெற்றவர். அங்கேயே ஆசிரியராக இருந்தவர். எறிந்தால் எறிந்தவரிடமே திரும்பி வரும் பூமராங் என்ற வளைதடி மேல் அவருக்கு அலாதி மோகம். அது ஏன் திரும்புகிறது என்று கணக்கும் போட்டார். நண்பர்கள் அவரை பூமராங் வாக்கர் என்றே கூப்பிட்டார்கள். புல்லாங்குழலும் வாசிப்பார்.

வானிலை பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. ஒரு விதத்தில் அது நல்லதாகப் போயிற்று. எந்தக் கொள்கை மேலும் அவருக்குப் பாசம் இல்லை.

1904-ல் இலாகாவின் தலைவர் ஆனார். உலகமெங்கும் இருந்து பல ஆண்டுக் கணக்குகளைத் திரட்டினார். இமயமலைப் பனி, மொரீசியஸ் தீவின் காற்றழுத்தம், ஆப்பிரிக்கக் கரையில் சான்சிபார் மழை, தென் அமெரிக்கக் காற்றழுத்தம் எல்லாம் வந்து சேர்ந்தன. கம்ப்யூட்டர் இல்லாத காலம். இந்திய குமாஸ்தாக்கள் உட்கார்ந்து கையாலேயே கூட்டிப் பெருக்கினார்கள். எது ஏறும்போது இந்திய மழை ஏறுகிறது, எது ஏறும்போது இறங்குகிறது என்று பார்த்து, வாக்கர் சூத்திரம் அமைத்தார்.

இங்கேதான் அவருடைய பெருமை. பலவற்றை ஒப்பிட்டால், தற்செயலாகவே சில பொருந்தி விடும் என்று அவர் எச்சரித்தார். ஒட்டன்சத்திரத்தில் தக்காளி விலை ஏறி இறங்குவதை நூறு சங்கதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிவந்த சினிமாப் படங்கள், ரயில் தாமதமான நாட்கள், பரீட்சையில் தேறியவர்கள் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு அப்படியே பொருந்தும். அதை நம்பி விதை வாங்க முடியுமா? எத்தனை ஒப்பிட்டோமோ அதற்குத் தக்கபடி சோதனையும் கடுமையாக இருக்க வேண்டும் என்று வாக்கர் கணக்கில் நிரூபித்தார்.

அந்தச் சோதனையில் சூரியப் புள்ளிகளும் தப்பவில்லை. மழையை முன்கூட்டிச் சொல்லும் அளவுக்கு அவற்றில் விஷயம் இல்லை என்று 1915-ல் எழுதி விட்டார். கொடைக்கானல் நிலையமோ அப்போது அவர் நிர்வாகத்தில்தான் இருந்தது! அந்த நிலையம் சூரியனைப் பற்றிக் கண்டுபிடித்தது ஏராளம். மழை ரகசியம் மட்டும் அதில் கிடைக்கவில்லை.

ராமானுஜன் நோட்டுப் புத்தகம்

1913 பிப்ரவரியில் வாக்கர் சென்னைக்கு வந்தார். துறைமுக ஆபீசில் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவின் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார்கள். புரட்டிப் பார்த்தவர் வியந்து போனார். ஆனால் மேதை என்று உடனே முத்திரை குத்தவில்லை. அந்தக் கணிதப் பிரிவில் தனக்குத் தேர்ச்சி இல்லை, சரியாக மதிப்பிடத் தன்னால் முடியாது, கேம்பிரிட்ஜில் ஹார்டி என்பவரே அதற்குத் தகுந்தவர் என்று ஒப்புக்கொண்டார். ஆயினும், கவலை இல்லாமல் கணிதம் செய்ய அந்த இளைஞருக்குப் பல்கலைக்கழகம் உதவ வேண்டும் என்று கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அந்தக் குமாஸ்தாதான் சீனிவாச ராமானுஜன்.

ஏற்றம் போல ஒரு காற்று

வாக்கரின் பெரிய கண்டுபிடிப்பு 1924-ல் பெயர் பெற்றது. கிணற்றில் ஏற்றம் இறைப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு முனை உயர்ந்தால் மறு முனை தாழும். பசிபிக் கடல் மேல் காற்றழுத்தம் உயரும்போது, இந்துமாக் கடல் பக்கம் தாழ்கிறது. அது தாழ்ந்தால் இது உயர்கிறது. இதற்குத் தென் அலைவு என்று வாக்கர் பெயர் வைத்தார். அதே ஆண்டு சர் பட்டத்துடன் ஓய்வு பெற்று, லண்டனில் பேராசிரியர் ஆனார்.

பல அறிஞர்கள் அவரை நம்பவில்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்டார்கள். வாக்கரிடம் பதில் இல்லை. போதாக்குறைக்கு, சூத்திரத்தில் சேர்த்த தொடர்புகளில் பல, காலப்போக்கில் தேய்ந்து போயின.

1958-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி, 90-வது வயதில் வாக்கர் காலமானார். அவர் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை என்ற தொனியிலேயே இரங்கல் கட்டுரை வந்தது.

விசித்திரம் என்னவென்றால், அதற்குச் சற்று முன்பு, 1957-58-ல், பசிபிக் கடல் பெரிய அளவில் சூடாகியிருந்தது. அந்தக் கணக்குகளை ஜேக்கப் பியர்க்னெஸ் என்ற விஞ்ஞானி ஆராய்ந்தார். கடல் சூடாவதும் காற்று ஏற்றம் போல ஆடுவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று 1969-ல் விளக்கினார். அந்தக் காற்றோட்டத்துக்கு வாக்கர் சுழற்சி என்றே பெயரிட்டார்.

தீராத வழக்கு

வழக்கு அதோடு முடியவில்லை. 1997-ல் மிகப் பெரிய எல் நினோ வந்தது. இந்தியாவில் மழை குறையவில்லை. 2002-ல் 16 அம்சங்கள் கொண்ட சூத்திரம் வழக்கமான மழை என்றது. 19 சதவீதம் குறைந்தது. மறு ஆண்டே அந்தச் சூத்திரத்தை மாற்றினார்கள். இப்போது கடலையும் காற்றையும் கம்ப்யூட்டரிலேயே ஓட விட்டும் பார்க்கிறார்கள்.

இந்த ஆண்டு மழையையே சொல்ல முடியாதவர்கள், ஐம்பது ஆண்டு கழித்து வரும் வெயிலை எப்படிச் சொல்வார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டும் ஒரே கணக்கு அல்ல. ஐப்பசியில் எந்தத் தேதி மழை என்று யாராலும் சொல்ல முடியாது. மார்கழியை விடச் சித்திரை சுடும் என்று எல்லோருக்கும் தெரியும். காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று 1967-ல் மனாபே என்ற ஜப்பானியர் கணக்கிட்டார். பூமி ஏறக்குறைய அந்தப் போக்கிலேயே சூடேறி வருகிறது. 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எந்த வட்டாரத்தில் மழை எவ்வளவு மாறும் என்பதில்தான் கம்ப்யூட்டர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எல் நினோவால் குறைவது பெரும்பாலும் தென்மேற்கு மழை. ஐப்பசி மழை பல முறை அதனால் கூடியிருக்கிறது. 2015-ல் எல் நினோ வந்தது, சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2016-ல் எல் நினோ போய் விட்டது. தமிழ்நாட்டில் ஐப்பசியும் கார்த்திகையும் வறண்டே கழிந்தன.