30,000 அடி உயரத்தில் ஒரு கவிதை

பிளஸ் டூ முடிச்சு ஒரு வருஷம் ஆனா என்ன வயசு இருக்கும்? 18, மிஞ்சினா 19. அந்த வயசுக்குள்ள கவிஞராகவும் போர் விமானியாகவும் ஆகி, அந்த வயசிலேயே இறந்தும் போனவர் ஜான் கில்லெஸ்பி மெகி.

1922 ஜூன் 9-ல் சீனாவின் ஷாங்காய் நகரில் பிறந்தார். அப்பா அமெரிக்கர், அம்மா இங்கிலாந்துக்காரர். இருவரும் மிஷனரிகள். (நான்கிங் நகரில் ஜப்பான் படை 1937-ல் நடத்திய படுகொலையை உயிரைப் பணயம் வைத்துப் படம் பிடித்தவர் இந்த அப்பாதான். அது தனிக்கதை!)

மகன் இங்கிலாந்தில் ரக்பி பள்ளியில் படித்தார். 1939-ல் அங்கே கவிதைப் பரிசும் வாங்கினார். அதே வருஷம் அமெரிக்கா போனவர், உலகப்போர் வந்ததால் திரும்ப முடியாமல் மாட்டிக்கிட்டார். ஏல் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைச்சது. அவரோ அதை விட்டுட்டு, 1940 அக்டோபரில் கனடா விமானப்படையில் சேர்ந்துட்டார். அமெரிக்கா அப்போ போரிலேயே இல்லை.

1941-ல் வேல்ஸில் ஸ்பிட்ஃபயர் விமானப் பயிற்சி. அதுல ஒரு ஆள்தான் உட்கார முடியும்; சொல்லித்தர பக்கத்தில் யாரும் இருக்கமாட்டாங்க. சுமார் 30,000 அடி உயரத்தில் (எவரெஸ்ட்டே 29,000 அடி சொச்சம்தான்!) ஒரு கவிதை மனசில் தொடங்கியது. தரையிறங்கிய கொஞ்ச நேரத்தில் முடித்துவிட்டார். 14 வரிகள். பெயர் ‘ஹை ஃப்ளைட்’. செப்டம்பர் 3-ம் தேதி அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதத்தின் பின்பக்கத்தில் அதை எழுதி அனுப்பினார்.

மூணே மாசம். டிசம்பர் 11, இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதி. பயிற்சி முடிந்து மெகியும் சக விமானிகளும் மேகத்தின் வழியாகக் கீழே இறங்கினார்கள். மேகத்துக்குக் கீழே, கிரான்வெல் தளத்திலிருந்து வந்த ஆக்ஸ்ஃபோர்டு என்ற பயிற்சி விமானம் பறந்துகொண்டிருந்தது. மேகத்துக்குள் இருப்பவருக்குக் கீழே தெரியாது. கீழே இருப்பவருக்கு மேலே தெரியாது. சுமார் 1,400 அடியில் இரண்டும் மோதின. மெகி மேல்மூடியைப் போராடித் தள்ளிவிட்டுக் குதித்ததை ஒரு விவசாயி பார்த்திருக்கிறார். ஆனால் பாராசூட் விரிய உயரம் போதவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டை ஓட்டிய பயிற்சி மாணவரும் இறந்தார். அவருக்கும் 19 வயசுதான். எதிரியின் குண்டு ஒண்ணுகூட இல்லாமலே ரெண்டு உயிர் போச்சு. ஜெர்மனியும் அமெரிக்காவும் ஒன்றின்மேல் ஒன்று போர் அறிவித்ததும் அதே நாளில்தான்.

ஸ்கோப்விக் என்ற கிராமத்தில் மெகியைப் புதைத்தார்கள். கவிதையின் முதல் வரியும் கடைசி வரியும் கல்லறையில் இருக்கின்றன. 1966-ல் விண்வெளி வீரர் மைக்கேல் காலின்ஸ் ஜெமினி-10 விண்கலத்தில் அந்தக் கவிதையை எடுத்துச் சென்றார். 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த அன்று, அதிபர் ரீகன் அதன் சொற்களைச் சொல்லித்தான் உரையை முடித்தார்.

அப்பா அம்மாவுக்கு எழுதிய அந்தக் கடிதம் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது.